குழாயின் வாய்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடியாது. ஏன் முடியாது என்பதற்குக் கிட்டுவிடம் ஓர் அருமையான விளக்கம் இருந்தது. கூஜாவை விட்டுப் புறப்பட்ட தண்ணீருக்கு அதற்கப்புறம் வண்டியோடு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. கிளம்பியபோது இருந்த வேகத்தோடு தன் வழியே போய்க்கொண்டிருக்கும். அதற்குள் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி, குடிக்கிறவனின் முகத்தை அரை அடி தள்ளிக் கொண்டுபோய்விடும். தண்ணீர் வரவேண்டிய இடத்துக்குச் சரியாகத்தான் வருகிறது, வாய்தான் அங்கே இல்லை. சட்டை நனைந்தால் குற்றம் தண்ணீரின் மேல் இல்லை, சாலையின் மேல்.

"அதனால பாய், செத்த ஓரமா நிறுத்தினேள்னா..." என்று இழுப்பான்.

ஜமால் பாய் நிறுத்துவார். எஞ்சினை அணைத்துவிட்டு, கியர் தண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் தேக்கங்காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கிட்டு எவர்சில்வர் கூஜாவின் மூடியைத் திருகிக் கழற்றி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, உதடு படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் குடிப்பான். மூடி திரும்பத் திருகப்படும் சத்தம் கேட்ட பிறகுதான் பாய் சாவியைத் தொடுவார். இருவரும் சேர்ந்து இந்த வழியில் வர ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் நடைமுறை. ஒரு தடவைகூடப் பாய் ஏன் என்று கேட்டதில்லை. கேட்காமலேயே கிட்டு சொல்லியிருந்தான்.

கிட்டு பம்பாயில் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். அங்கேயே ஒரு கல்லூரியில், பௌதிகச் சோதனைக்கூடத்தில் மாணவர்களுக்குக் கருவிகளை இயக்கிக் காட்டுவது அவன் வேலை. வேலை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். பம்பு எப்படி இறைக்கிறது, தையல் மிஷினில் அடிநூலும் மேல்நூலும் எங்கே கைகோக்கின்றன, லோக்கல் ரயிலின் கதவோரம் நிற்பவனை வளைவில் யார் தள்ளுகிறார்கள் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்குகிறவன். கேட்க ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிக்குப் போய், சர்ச்சுக்குப் பின்னால் இருந்த படிப்புக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் காட்டினான். அந்தக் கூடத்தை நடத்தியவர் தூத்துக்குடிப் பக்கத்து சிஸ்டர் அமலோற்பவம். பக்கத்துச் சுவர் ஜமால் பாயின் பட்டறை. கடையநல்லூர்க்காரரான அவர் ரெக்சினில் பள்ளிக்கூடப் பைகள் தைத்து விற்றுவந்தார்.

பிறகு சிஸ்டரைப் பம்பாய்க்கு வடக்கே தாணா ஜில்லாவின் மலைக்காட்டில், பிம்பள்பாடா என்ற ஊரில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அவர் இரண்டு பேரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டு போனார். பாயிடம் வண்டி இருந்தது, கிட்டுவிடம் விளக்கங்கள் இருந்தன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடிவதற்கு முன் பாயின் மட்டடார் வேன் சயான் வழியாகக் கிளம்பும். பின்னால் பைகள், பழைய புத்தகங்கள், அரிசி மூட்டை. முன்னால் இவர்கள் இருவர்.

பிவண்டி தாண்டி, வாடா தாண்டி, தார் முடிந்த இடத்திலிருந்து செம்மண் சாலை. அது முழுவதும் துணி துவைக்கும் பலகையைப் போல வரிவரியாக இருக்கும். அந்த வரிகளை யாரும் வெட்டவில்லை, சக்கரங்களே போடுகின்றன என்று கிட்டு பாய்க்குச் சொன்னான். எங்கேயோ கிடக்கும் ஒரு கல்லில் ஏறி எழும்பிய சக்கரம் விழுகிற இடத்தில் மண்ணைக் குழிக்கிறது. அந்தக் குழியிலிருந்து எழும்பி அடுத்த இடத்தில் விழுகிறது. அடுத்த வண்டி அதே குழிகளில் விழுந்து அவற்றை இன்னும் ஆழமாக்குகிறது. ஆக முதல் கல்லைப் போட்டவன் போய்விட்டாலும் அவன் போட்ட குலுக்கல் சாலை நெடுகப் போய்க்கொண்டே இருக்கும்.

"அது சரி சாமி," என்றார் பாய். அவர் கிட்டுவை அப்படித்தான் கூப்பிடுவார். "இந்த ரோட்டுல வாரவன் எதுக்கும் மாட்டேன்னு சொல்ல முடியாது, பாத்தீரா? தல அதும்பாட்டுக்கு ஆமா ஆமான்னு ஆடுது. பொண்ணு கேட்டு வந்தா இந்த ரோட்டுல வச்சுக் கேக்கணும் வே."

பிம்பள்பாடாவில் முதல் நாள் சிஸ்டர் அவர்களுக்குக் காட்டியது வகுப்பறையை அல்ல, விடுதித் தாழ்வாரத்தில் இருந்த தண்ணீர்ப் பானையை. பானையின் மேல் ஒரே ஒரு குவளை, சங்கிலி போட்டு. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குவளைக்குப் பின்னால் இரண்டு வருஷம் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நிலம் வைத்திருக்கும் மலைக்குடிகளின் பிள்ளைகள். காட்டுக்கு அந்தப் பக்கம் மூட்டம் போட்டுக் கரி சுடும் குடும்பங்கள் இருந்தன. நிலமில்லாதவர்கள், சீசனுக்குச் சீசன் இடம் மாறுகிறவர்கள். ஊர்க்காரர்கள் அவர்களைக் கிணற்றண்டை விடமாட்டார்கள். அந்தக் குடும்பங்களிலிருந்து ஐந்தாறு பிள்ளைகளைச் சிஸ்டர் விடுதிக்குக் கொண்டுவந்தார். மற்ற பிள்ளைகள் பானையைத் தொட மறுத்தார்கள். சிஸ்டர் ஒன்றும் பிரசங்கம் செய்யவில்லை. பானைக்கு ஒரு குவளைதான் என்றார். கரிக்காரப் பிள்ளை ஒன்று குடித்து முடித்ததும், அதே குவளையை வாங்கி வாய் வைத்துத் தானும் குடித்தார். ஒவ்வொரு நாளும் எல்லார் முன்னாலும் அதையே செய்தார். முதலில் தாகம் வென்றது, பிறகு பழக்கம் வென்றது. இப்போது யார் யாருக்கு அடுத்து குடிக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

"இங்க நான் உருப்படியா பண்ணுன ஒரே காரியம் இதான் கிட்டு சார்," என்றார் சிஸ்டர். "இது உடைஞ்சா எனக்குத் திரும்ப ஒட்டத் தெரியாது."

கிட்டு மனம் நெகிழ்ந்து போனான். நூறு சொற்பொழிவுக்கு இந்த ஒரு குவளை சமானம் என்று சொன்னான். சொல்லும்போது கூஜா அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

விடுதிக்குத் தண்ணீர் மேலே ஒரு பாறைச் சுனையிலிருந்து வந்தது. வந்தது என்றால் பிள்ளைகளின் தலையில் வந்தது. சுனையில் வைகாசி வரை தண்ணீர் வற்றாது. ஆனால் சுற்றிலும் இடுப்புயரத்துக்குப் பாறை விளிம்பு. பெண் பிள்ளைகள் விளிம்பில் ஏறிக் குனிந்து மொண்டு, குடத்தைத் தலையில் வைத்து, செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும். பாறையை உடைக்க முடியாது. பம்பு வைக்க அந்தப் பக்கத்தில் மின்சாரமே இல்லை.

சுனையைப் பார்த்த மாத்திரத்தில் கிட்டுவுக்குக் கை பரபரத்தது. அடுத்த மாதம், எண்பத்து நாலாம் வருஷத்துத் தை மாதம், பழைய பிளாஸ்டிக் விற்கும் தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டில் பாய் பேரம் பேசி வாங்கிய கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்ச் சுருள்களை வண்டிக் கூரையில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

குழாயின் ஒரு முனை சுனையில் இருக்க வேண்டும். மறு முனை விளிம்பைத் தாண்டி வெளியே, சுனையின் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். கீழ்முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தால், காலியான இடத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளும். தண்ணீர் விளிம்பு வரை மேட்டில் ஏறும். ஏறித் தலை திரும்பிவிட்டால் போதும், அப்புறம் உறிஞ்சவே வேண்டாம். வெளியே நீளமாக இறங்கும் தண்ணீரின் எடை, உள்ளே குட்டையாக ஏறும் தண்ணீரைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகும். நெருக்கமாகக் கைகோத்துப் போகும் ஒரு வரிசை மாதிரி. நடுவில் காற்று புகுந்து கையைப் பிரித்துவிட்டால்தான் நிற்கும்.

காற்று புகவும் செய்யும். கறுப்புக் குழாய் வெயிலில் சூடாகும். தண்ணீரில் கரைந்திருந்த காற்று குமிழ்குமிழாகப் பிரிந்து மேட்டில் போய்க் கூடும். சாயங்காலத்துக்குள் ஓட்டம் அறுந்துவிடும். ஆகவே விளிம்புக்கு வெளியே, சுனையின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கிட்டு குழாயை வெட்டி ஓர் இணைப்பு வைத்தான். தினமும் காலையில் யாராவது ஒரு பிள்ளை அந்த இணைப்பைக் கழற்றி, மேல்குழாயில் வாய் வைத்து உறிஞ்சித் தண்ணீரை வரவழைத்து, சட்டென்று கீழ்க்குழாயோடு பொருத்திவிட வேண்டும். முறை வைத்துச் செய்யலாம். ஆளுக்கொரு நாள்.

அதற்கு முன் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே. புரியாமல் செய்வது கிட்டுவுக்குப் பிடிக்காது. மரத்தடியில் ஸ்டூல் மேல் ஒரு வாளியும் தரையில் ஒரு வாளியும் வைத்தான். சோதனைக்கூடத்து ரப்பர் குழாயை எடுத்து, தனக்குத் தெரிந்த பம்பாய் மராட்டியில் சொல்லியபடியே உறிஞ்சிக் காட்டினான். தண்ணீர் ஏறி இறங்கிக் கொட்டியது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஒரு பையனைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னான். மறுபடியும் தான் உறிஞ்சிக் காட்டினான். பிறகு ஒரு பெண். மறுபடியும் தான். சேவந்தி என்று ஒரு பெண், கரிக்காரப் பிள்ளைகளில் மூத்தவள், முதல் இழுப்பிலேயே தண்ணீரைக் கொண்டுவந்து, வாய் நிறைய வாங்கி, விழுங்கிவிட்டுச் சிரித்தாள். கூட்டத்திலேயே நல்ல மூச்சு அவளுக்குத்தான் என்று கிட்டு அறிவித்தான். அன்று சாயங்காலம் சுனைத் தண்ணீர் முதல் தடவையாகத் தலையேறாமல் கீழே வந்து விழுந்தபோது சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். பாய் விசில் அடித்தார்.

திரும்பும் வழியெல்லாம் கிட்டு பேசிக்கொண்டே வந்தான்.

மாசி மாதம் மறுபடி போனார்கள். வண்டி நிற்பதற்குள் பிள்ளைகள் ஓடிவந்து கிட்டுவைப் பிடித்துக்கொண்டார்கள். தாங்கள் தண்ணீர் இழுப்பதைச் சார் பார்க்க வேண்டும். பாய் அரிசி மூட்டையை இறக்கட்டும், சார் இப்போதே மேலே வர வேண்டும். கிட்டுவும் சுனைக்கு ஏறினான். பெரிய பையன் ஒருவன், ராம்ஜி என்று பெயர், விளிம்பின் மேல் ஏறி நின்று விளக்க ஆரம்பித்தான். வெளிக்காற்று தள்ளுவதையும், நீண்ட கால் குட்டைக் காலை இழுப்பதையும், கைகோத்த வரிசையையும் கிட்டு சொன்ன வார்த்தையிலேயே சொன்னான். கிட்டு மேட்டைக் காட்டக் கையை வளைத்த அதே வளைவில் அவன் கையும் வளைந்தது. ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்.

பிறகு ராம்ஜி இணைப்பைக் கழற்றினான். பக்கத்தில் ஒரு முளையில் சிறிய லோட்டா ஒன்று மாட்டியிருந்தது. கிட்டு அதை வைக்கவில்லை. ராம்ஜி அதில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு, குழாயின் வாயில் ஊற்றி, கட்டைவிரலால் உட்பக்கம் ஒரு சுற்று, வெளிப்பக்கம் ஒரு சுற்றுத் தேய்த்து, மறுபடி ஊற்றி, உதறினான். அப்புறம் வாய் வைத்தான்.

கட்டைவிரல் சுற்றிய விதத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று கிட்டு நினைத்தான். நினைத்தபடியே கேட்டான், எதற்கு இது என்று.

ராம்ஜிக்கு அது சுலபமான கேள்வி. நேற்று இழுத்தது கரிக்காரப் பையன், அதனால் கழுவ வேண்டும் என்றான். தங்களுக்குள் ஒருவர் இழுத்திருந்தால் கழுவ வேண்டாம்.

கழுவவே வேண்டாம், யார் இழுத்தாலும் தண்ணீர் வரும், கழுவுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றான் கிட்டு. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சார் ஏதோ சோதிக்கிறார் என்று தோன்றியிருக்க வேண்டும். பின்னாலிருந்த ஒரு பெண் பணிவாக எடுத்துக் கொடுத்தாள்: "நீங்க எங்களுக்கு அப்புறம் கழுவினீங்க சார். நாங்க அவங்களுக்கு அப்புறம் கழுவறோம்."

மரத்தடி கிட்டுவின் கண்முன் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் உறிஞ்சி முடித்ததும் குழாயை வாங்கி, பேச்சை நிறுத்தாமலே, சொம்புத் தண்ணீரை அதன் வாயில் ஊற்றி, கட்டைவிரலால் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அது பெண் பிள்ளைகள் தலையில் சுமந்து வந்த தண்ணீர். அவனுக்கு அது செய்ததாகவே நினைவில்லை. கண் இமைப்பதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். புரியாமல் செய்யக் கூடாது என்று அவன்தானே சொன்னான். அவர்கள் முழுப் பாடத்தையும் புரிந்துகொண்டிருந்தார்கள், அவன் வாயால் நடத்தியதையும் கையால் நடத்தியதையும்.

கிருமி என்று ஆரம்பித்தான். பலர் வாய் வைப்பதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பரவலாம், ஆகவே சோதனைக்கூடத்தில்...

"உங்களுக்கு அப்புறம் நாங்க இழுத்தப்ப ஏன் சார் கழுவித் தரல?" என்று ராம்ஜி கேட்டான். மடக்குவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான். அப்படிக் கேட்க வேண்டும் என்று போன மாதம் அவனைத் தட்டிக்கொடுத்ததே கிட்டுதான்.

மாட்டுங்கா வீட்டில் எச்சில் என்றால் எல்லார் எச்சிலும் எச்சில்தான். தான் வாய் வைத்ததைத் தானே கழுவாமல் இன்னொருவருக்குத் தரமாட்டான். மனைவி ஷ்யாமளாவுக்குக்கூட. சின்ன வயதிலிருந்து ஊறிப்போன பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பழக்கத்தையும் அவன் இங்கே ஒழுங்காகப் பின்பற்றவில்லை. தன் எச்சிலை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கழுவ வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர்களுடையது தன்னிடம் வரும்போது மட்டும் கை தானாகச் சொம்புக்குப் போயிருக்கிறது.

"தப்பு," என்றான் கடைசியில். "நான் செஞ்சது தப்பு."

பிள்ளைகள் தலையாட்டினார்கள். லோட்டாவை யாரும் முளையிலிருந்து எடுக்கவில்லை.

கீழே தாழ்வாரத்தில் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பானை இருந்தது. பானையின் மேல் இரண்டு குவளைகள் இருந்தன. கிட்டு பார்த்ததைச் சிஸ்டரும் பார்த்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் கிட்டு சார். அந்தக் குழாய கழுவுறது, அது சயன்ஸா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சிஸ்டர் நம்பிக்கொள்ளத் தயாராக இருப்பது முகத்தில் தெரிந்தது.

"இல்லை சிஸ்டர்."

"பிள்ளைங்க கேட்டப்ப நான் அப்படித்தான் சொல்லிட்டேன். பெரிய காலேஜ்ல எல்லாம் கழுவித்தான் செய்வாங்க, அது சயன்ஸ் முறைன்னு. உங்களுக்குத் தலையிறக்கம் வரக் கூடாதேன்னு சொன்னேன்." சிஸ்டர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "அதுலதான் எல்லாம் போச்சு. வெறும் பழக்கம்னா நான் எதிர்த்து நின்னுருப்பேன். சயன்ஸ எதிர்த்து நான் எங்க நிக்க?"

மெல்ல மெல்ல மீதியையும் சொன்னார். முதலில் லோட்டா வந்தது. பிறகு பானைக்கு இரண்டாவது குவளை வந்தது. சிஸ்டர் அதை எடுத்து எறிந்தார். மறுநாள் மறுபடி இருந்தது. போன வாரம் சேவந்தியின் முறை முடிந்ததும் அவள் எதிரிலேயே இரண்டு தடவை கழுவியிருக்கிறார்கள். அவள் கீழே இறங்கி, பையை மாட்டிக்கொண்டு, காட்டு வழியே தன் பெற்றோர் மூட்டம் போட்டிருக்கும் இடத்துக்குப் போய்விட்டாள். மற்ற கரிக்காரப் பிள்ளைகள் அவளைப் பார்த்துத்தான் இங்கே இருக்கிறார்கள். அவள் வராவிட்டால் ஒவ்வொன்றாகப் போய்விடும்.

கிட்டு கைகளைப் பிசைந்தான். சிஸ்டர் கூட வந்தால் இப்போதே போய்க் கூட்டிவந்துவிடலாம் என்றான்.

"நான் வரல," என்றார் சிஸ்டர். "நான் வந்தா அவ எனக்காக வருவா. நீங்க போய்க் கூப்பிடுங்க."

மூட்டத்துக்குப் போகும் வழி சாலைகூட இல்லை. மரலாரிகள் இறங்கிய தடம், மழைக்காலத்தில் ஓடை. பாய் முதல் கியரிலேயே ஓட்டினார். சக்கரத்தைப் பள்ளத்தில் விடாமல் இரண்டு பக்க வரப்புகளின் மேல் நடத்திக் கொண்டுபோனார். கிட்டு சிஸ்டர் சொன்னதை அவரிடம் சொன்னான். பாய் ஒரு பள்ளத்தைத் தவிர்த்து ஸ்டியரிங்கை ஒடித்தார். வழக்கமாக ஒரு கிண்டலாவது வரும். கிட்டுவின் தொண்டை வறண்டிருந்தது. நிறுத்தச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

மூட்டம் ஆளுயரத்துக்குக் கவிழ்த்த கூடை மாதிரி இருந்தது. அடுக்கிய விறகின் மேல் தழையைப் போர்த்தி, அதன் மேல் மண்ணைப் பூசி, உள்ளே நெருப்பு வைத்திருந்தார்கள். விறகு எரியவும் வேண்டும், எரிந்துபோகவும் கூடாது. ஆகவே காற்றை எண்ணி எண்ணித்தான் உள்ளே விடுவார்கள். பூச்சில் எங்காவது விரிசல் விட்டால் அந்த இடம் குப்பென்று பிடித்துச் சாம்பலாகிவிடும். சேவந்தி ஈர மண் உருண்டையோடு மூட்டத்தைச் சுற்றிச்சுற்றி நடந்து, புகை கசியும் இடங்களை அப்பி அடைத்துக்கொண்டிருந்தாள். காற்றைப் பற்றிக் கிட்டுவின் நாக்கு நுனிக்கு ஒரு விளக்கம் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

அவளுடைய அம்மா குடிசையிலிருந்து வந்தாள். முழங்கை வரை கரி. பம்பாயிலிருந்து வந்த மனிதர் என்றதும் முதலில் தண்ணீர் கொண்டுவந்தாள். கிட்டு செம்புக்குக் கை நீட்டினான். இந்தத் தடவை வாய் வைத்துக் குடித்துவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் நீட்டினான். அவள் செம்பைத் தரவில்லை. அவன் கையைக் குவிப்பான் என்று எதிர்பார்த்து, செம்பை உயரத் தூக்கிச் சாய்த்தபடி காத்திருந்தாள். செம்பைக் கொடு, நான் வாய் வைத்தே குடிக்கிறேன் என்று அவன் சொன்னது அவளுக்கு விளையாட்டாகப் பட்டது. சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினாள். கிட்டு இரண்டு கைகளையும் குவித்தான். ஊற்றினாள். குடித்தான்.

பிறகு சேவந்தியிடம் சொன்னான். வழியெல்லாம் மராட்டியில் கோத்துவைத்த வாக்கியங்கள் உதிர்ந்துவிட்டன, மிஞ்சியதைச் சொன்னான்.

"குழாயைக் கழுவறது பாடத்துல இல்லை. அது என் கெட்ட பழக்கம். நீ திரும்பி வரணும்."

சேவந்தி மண் உருண்டையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

அம்மாவுக்குக் கோபம் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. யார் கழுவுகிறார்கள், யார் கழுவவில்லை என்பதெல்லாம் தங்களுக்கு ஒரு சேதியா என்றாள். பெண் அழுதுகொண்டு வந்தது அதற்காக இல்லை, தண்ணீர் இழுப்பதை விட்டுவிட்டு வந்ததற்காகத்தான், அது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்ததாம், கூட்டத்திலேயே நல்ல மூச்சு என்று சார் சொன்னாராமே. படித்தால் நல்லதுதான், போகட்டும். உள்ளே போய் ஒரு தகரக் குவளையைக் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்து, மகளின் பைக்குள் வைத்தாள்.

"இனிமே இதுலயே குடி. யாருக்கும் சங்கடம் இல்ல."

அது வேண்டாம் என்று கிட்டு சொன்னான். அங்கே ஒரே குவளைதான், எல்லாருக்கும் ஒன்று. சொல்லும்போதே பானையின் மேல் இருந்த இரண்டு குவளைகள் நினைவுக்கு வந்தன. அம்மா அவன் தோளைப் பார்த்தாள். தோளில் கூஜா தொங்கிக்கொண்டிருந்தது. அவள் எந்த உள்ளர்த்தத்தோடும் பார்க்கவில்லை. படித்தவர்களும் தனியாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான் என்று ஒப்புக்கொள்கிற பார்வை.

வண்டி திரும்பியது. சேவந்தி இருவருக்கும் நடுவில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சந்தோஷமாகிவிட்டாள். வண்டியில் முன்னால் உட்கார்ந்து போவது அவளுக்கு முதல் தடவை. மத்தியான வெயில் கண்ணாடி வழியே இறங்கியது. அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொள்வதைக் கிட்டு பார்த்தான்.

கூஜாவின் மூடியைக் கழற்றி, அப்படியே அவளிடம் நீட்டினான். வாய் வைத்துக் குடி என்றான்.

அவள் பதறிப்போய்க் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பைக்குள்ளிருந்து தகரக் குவளையை எடுத்து, கூஜாவில் இடித்துவிடாமல் எட்டப் பிடித்தாள். அவன் மறுபடி சொன்னான். அவள் தலையை ஆட்டினாளா, சாலை ஆட்டியதா தெரியவில்லை. நீட்டிய குவளையை மட்டும் அவள் விலக்கவில்லை. அவன் ஊற்றினான். தன் கை வழக்கமான உயரத்தில் இருந்ததை ஊற்றி முடித்த பிறகுதான் கவனித்தான்.

சேவந்தி குவளையை வாயருகே கொண்டுபோனாள். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவளாக, கிட்டுவை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு, கழுத்தைப் பின்னால் சாய்த்து, குவளையை உயரத் தூக்கினாள். மரத்தடியில் அன்று இடையில் அவன் தண்ணீர் குடித்ததையும் பார்த்திருக்கிறாள். சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. தண்ணீர் அவள் கன்னத்திலும் கவுனிலும் விழுந்தது.

யாரும் சொல்லாமலே பாய் வண்டியை ஓரங்கட்டினார். எஞ்சினை அணைத்தார். கியர் தண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, எதிரே காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

கிட்டுவால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

"பாய்," என்றான். "நான் ஏன் நிறுத்தச் சொல்றேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தண்ணி குடிக்கத்தான் வே. வேற என்னத்துக்கு?" பாய் முகத்தைத் திருப்பவில்லை. "சின்னப் புள்ள குடிச்சு முடிக்கட்டும்."

தான் வாய் வைத்துக் குடிக்காததன் காரணம் பாய்க்கு என்றைக்கிலிருந்து தெரியும் என்று கேட்க நினைத்தான். பாயின் பிளாஸ்டிக் கேனிலிருந்து தான் ஒரு நாளும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை என்பதும், பாய் ஒரு தடவை நீட்டிவிட்டு அதற்கப்புறம் நீட்டவே இல்லை என்பதும் அப்போதுதான் வரிசையாக வந்து நின்றன.

வண்டி அசையாமல் நின்றது. சேவந்தி மறுபடி குவளையைத் தூக்கினாள். தண்ணீர் மெல்லிய கம்பியாக இறங்கி நேரே அவள் வாய்க்குள் போயிற்று. உதடு படவில்லை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. குடித்து முடித்து, குவளையை உதறிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கணக்குச் சரியாக வந்துவிட்ட பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தாள்.

"சரிதானே சார்?"

இல்லை என்று சொல்வதற்குள் பாய் வண்டியை எடுத்துவிட்டார். சக்கரங்கள் வரிகளில் ஏறி இறங்கின. கிட்டுவின் தலை மேலும் கீழும் ஆடியது. சேவந்தி அதைப் பார்த்துத் திருப்தியோடு சிரித்துவிட்டு, சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.